பைத்தான் ஸ்டிரிங் மெத்தட்: தமிழ் உதாரணம் தப்பான விடை தந்தால் எங்கே பார்ப்பது

பைத்தான் நிரல்மொழியில் ஸ்டிரிங் (எழுத்துத் தொடர்) மீது வேலை செய்யும் மெத்தட்களுக்குத் தமிழில் கையேடு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கில உதாரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு விளக்கத்தை மட்டும் தமிழில் போடுகிறார்கள். "ஹலோ" என்று ஆங்கில எழுத்தில் எழுதிச் சோதித்தால் எல்லா மெத்தடும் ஒழுங்காகத்தான் நடக்கும். காட்பாடியில் படிக்கும் மாணவர் அதே மெத்தடை ஒரு தாலுகா வாரியான பெயர்ப் பட்டியலில் போட்டுப் பார்க்கும்போதுதான் கையேட்டுக்கும் திரைக்கும் சம்பந்தம் இல்லாமல் போகிறது. கையேட்டில் தவறாக ஒன்றும் எழுதியிருக்காது. எந்த அலகில் எண்ணுகிறோம் என்பதை எழுதாமல் விட்டிருக்கும், அவ்வளவுதான்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து ஊர்ப்பெயர்களை வைத்து அறிகுறிகளை வரிசையாகச் சொல்கிறேன். காரணம், திருத்தம், அப்புறம் அந்த மெத்தடின் விளக்கத்தில் சேர்க்க வேண்டிய வரி என்ற முறையில் போகும். எல்லாம் பைத்தான் 3-க்கு. மெத்தட் பெயர்களை உச்சரிக்கிறபடி எழுதியிருக்கிறேன்.

எதையும் திருத்துவதற்கு முன்

பிரின்ட் செய்து பார்ப்பதை நம்பாதீர்கள். எழுத்துரு எல்லாவற்றையும் ஒட்டவைத்து அழகாகக் காட்டிவிடும். லிஸ்ட்("வேலூர்") என்று கேளுங்கள். வ, ே, ல, ூ, ர, ் என்று ஆறு துண்டுகள் வரும். யூனிகோடில் தனி எண் உள்ள இந்தத் துண்டு ஒவ்வொன்றையும் இனி குறி என்றே சொல்கிறேன். பைத்தானுக்கு ஸ்டிரிங் என்றால் குறிகளின் வரிசை. உயிர்மெய் என்ற ஒன்று அதற்குத் தெரியாது.

இன்னும் இரண்டு கருவிகள் கையில் இருக்கட்டும். ரெப்ர்() கண்ணுக்குத் தெரியாத குறிகளை எண்ணாக மாற்றிக் காட்டும். ஆஸ்கி() தமிழ்க் குறிகள் உட்பட எல்லாவற்றையும் எண்ணாகக் காட்டும். கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த இரண்டிலேயே பிடிபட்டுவிடும்.

அறிகுறி: லென் சொல்லும் நீளம் அதிகமாக இருக்கிறது

"வேலூர்" தாளில் மூன்று எழுத்து. லென் 6 என்கிறது. "ஆம்பூர்" நான்கு எழுத்து; வருவது 7. "திருப்பத்தூர்" ஏழு எழுத்து, வருவது 13. லென் குறிகளை எண்ணுகிறது, புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள் என்பதுதான் காரணம்.

திருத்தத்துக்கு முன் ஒன்றை யோசியுங்கள்: உங்களுக்கு வேண்டிய நீளம் எது? குறுக்கெழுத்துப் போட்டிக்கோ சொல் விளையாட்டுக்கோ என்றால் எழுத்து எண்ணிக்கை வேண்டும். ஓப்பன்-தமிழ் நூலகத்தில் கெட்_லெட்டர்ஸ் என்ற செயற்கூறு "வேலூர்" என்பதை வே, லூ, ர் என்று பிரித்துக் கொடுக்கும். அந்தப் பட்டியலின் நீளத்தை எடுத்துக்கொள்ளலாம். நூலகம் நிறுவ வழி இல்லாத கணினி என்றால், யூனிகோடுடேட்டா மாட்யூலில் கேட்டகரி (குறியின் வகை) கேட்டு, விடை ஆங்கில எம்மில் தொடங்காத குறிகளை மட்டும் எண்ணினால் போதும். புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் எம் வகையில் விழும். இப்படி எண்ணும்போது "க்ஷ" இரண்டு எழுத்தாகக் கணக்காகும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

எஸ்எம்எஸ் அனுப்பும் வேலை என்றால் கதை வேறு. தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 இடம். அங்கே கணக்கு குறிகளில்தான், ஆகவே லென் சொல்வதே சரி. கோப்பின் அளவோ, பைட் கணக்கில் வரம்பு வைத்த தரவுத்தள நெடுவரிசையோ என்றால் யூடிஎஃப்-8-ஆக என்கோட் செய்த (பைட்டுகளாக மாற்றிய) பிறகு லென் கேட்க வேண்டும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். "வேலூர்" 18 பைட், "திருப்பத்தூர்" 39.

கையேட்டில்: "லென் தருவது குறிகளின் எண்ணிக்கை. எழுத்துகளின் எண்ணிக்கையும் அல்ல, பைட்டுகளின் எண்ணிக்கையும் அல்ல. வேலூர்: 3 எழுத்து, 6 குறி, 18 பைட்." இந்த ஒரு உதாரணத்தை லென்னுக்குக் கீழே போட்டுவிட்டால், பின்னால் வரும் பாதி மெத்தட்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

அறிகுறி: இனிஷியல் தப்பாக வருகிறது

அப்பா பெயர் கோவிந்தன் என்றால் இனிஷியல் "கோ." என்று வர வேண்டும். பெயரின் பூஜ்ஜியமாவது இடத்தை எடுத்தால் "க." வரும். சுப்பிரமணிக்கு "சு." வராமல் "ச." வரும். வாக்காளர் பட்டியல் மாதிரியான ஒன்றில் இது போனால், அப்பாக்கள் பாதிப் பேர் பெயர் மாறிவிடுவார்கள். இடம் காட்டி எடுப்பதும் ஸ்லைஸும் (ஒரு பகுதியை வெட்டி எடுப்பது) குறி கணக்கில்தான் வெட்டும். "வேலூர்" என்பதன் முதல் மூன்று இடங்களை வெட்டினால் "வேல" வரும்.

தலைகீழாகத் திருப்புவது இன்னும் மோசம். எல்லாப் பாடப் பயிற்சியிலும் வரும் அந்த மைனஸ் ஒன்று ஸ்லைஸை "வேலூர்" மேல் போட்டால் "்ரூலேவ" வருகிறது. ர-வுக்குச் சொந்தமான புள்ளி அனாதையாக முன்னால் நிற்கிறது, ல-வின் கொம்பு ர-வுக்குப் போய்விட்டது. விகடகவி விளையாட்டைத் தமிழில் செய்ய வேண்டும் என்றால் முதலில் எழுத்துகளாகப் பிரித்து, அந்தப் பட்டியலைத் திருப்பி, ஜாயின் செய்யுங்கள். இனிஷியலுக்கும் அதே வழி: பிரித்த பட்டியலின் முதல் உறுப்பு.

அறிகுறி: ஸ்ட்ரிப் போட்டதும் ஊர்ப்பெயரையே கடித்துவிட்டது

இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். ஏனென்றால் பிழைச் செய்தி எதுவும் வராது, பாதி வரிசைகள் சரியாகவும் இருக்கும்.

2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றானது. அதற்குப் பின் வந்த பட்டியல்களில் "வேலூர் மாவட்டம்", "ராணிப்பேட்டை மாவட்டம்", "திருப்பத்தூர் மாவட்டம்" என்று முழுசாக இருக்கும். பின்னால் உள்ள சொல்லை நீக்கிப் பெயரை மட்டும் எடுக்க, ஸ்ட்ரிப்புக்குள் " மாவட்டம்" என்று கொடுக்கிறோம். "ராணிப்பேட்டை மாவட்டம்" அழகாக "ராணிப்பேட்டை" ஆகிறது. சோதித்தவர் திருப்தியாக டீ குடிக்கப் போய்விடுவார். "வேலூர் மாவட்டம்" என்ன ஆகிறது என்றால் "ேலூர".

ஸ்ட்ரிப் தன்னிடம் கொடுத்ததை ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை. இடைவெளி, ம, ா, வ, ட, ் என்ற ஆறு குறிகளின் தொகுப்பாகப் பார்க்கிறது. இரண்டு முனையிலிருந்தும் அந்தத் தொகுப்பில் இல்லாத குறி வரும்வரை கடித்துக்கொண்டே போகும். வலது பக்கம் "மாவட்டம்" போனது, இடைவெளி போனது, அடுத்து நிற்பது "ர்" என்பதன் புள்ளி. புள்ளியும் தொகுப்பில் இருக்கிறதே, அதுவும் போனது. ர தொகுப்பில் இல்லை, நின்றது. இடது பக்கம் முதல் குறி வ, அதுவும் போனது. ராணிப்பேட்டை தப்பியது ர-வில் தொடங்கி ஐகாரக் கொம்பில் முடிகிற அதிர்ஷ்டத்தால். ஆர்ஸ்ட்ரிப் போட்டால் இடது பக்கம் தப்பும், ஆனால் "வேலூர", "திருப்பத்தூர" என்று புள்ளி போயே தீரும்.

திருத்தம்: பைத்தான் 3.9 முதல் ரிமூவ்சஃபிக்ஸ் இருக்கிறது. முதலில் வெறும் ஸ்ட்ரிப்() போட்டு ஓரத்து இடைவெளியை நீக்குங்கள், பிறகு ரிமூவ்சஃபிக்ஸுக்கு " மாவட்டம்" கொடுங்கள். அது முழுச் சொல்லும் கடைசியில் அப்படியே இருந்தால்தான் நீக்கும். பழைய பதிப்பு என்றால் எண்ட்ஸ்வித் கேட்டு, ஆம் என்றால் அந்த நீளத்துக்கு ஸ்லைஸ் செய்யலாம். இங்கே இரண்டும் குறி கணக்கு என்பதால் லென் சரியாகவே பொருந்தும்.

பைத்தானிடமே ஹெல்ப் கேட்டால், கொடுத்த எழுத்துகளை நீக்கும் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடும். அந்தப் பன்மையை யாரும் கவனிப்பதில்லை. கையேட்டில்: "அடைப்புக்குள் கொடுப்பது சொல் அல்ல, குறிகளின் தொகுப்பு, வரிசைக்கு மதிப்பு இல்லை." கூடவே வேலூர் உதாரணத்தைப் போடுங்கள், ராணிப்பேட்டையைப் போடாதீர்கள்.

அறிகுறி: கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஊரை "இல்லை" என்கிறது

இன், ஃபைண்ட், ஸ்டார்ட்ஸ்வித், சம அடையாளம் எல்லாவற்றுக்கும் இந்தப் புகார் வரும். காரணம் ஒன்று அல்ல, ஆகவே எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்.

வாக்கியத்துக்குள் தேடுகிறீர்களா? "வேலூரில் மழை" என்ற வரியில் "வேலூர்" இருக்கிறதா என்று கேட்டால் விடை ஃபால்ஸ். வேற்றுமை உருபு ஏறியதும் புள்ளி மறைந்து ர-வின் மேல் இகரம் உட்கார்ந்துவிட்டது. புள்ளி இல்லாமல் "வேலூர" என்று தேடினால் வேலூரில், வேலூருக்கு, வேலூர் மூன்றும் கிடைக்கும். ஆற்காடு "ஆற்காட்டில்" ஆகும், அதற்கு "ஆற்காட" என்று தேட வேண்டும். குடியாத்தத்துக்கு "குடியாத்த". எல்லா ஊருக்கும் கடைசிக் குறியை வெட்டிவிடலாமே என்று தோன்றும், வேண்டாம். ஆரணி, காட்பாடி, கலவை போல இகரத்திலும் ஐகாரத்திலும் முடிகிற பெயர்கள் உருபு ஏறினாலும் முழுசாகவே நிற்கும். "கலவை" என்பதை வெட்டி "கலவ" என்று தேடினால் மாநிலத்தில் நடந்த கலவரம் எல்லாம் கலவை ஊர்க் கணக்கில் சேரும்.

தனிப்பெயரைத் தனிப்பெயரோடு ஒப்பிடும்போதே ஃபால்ஸ் வருகிறதா? ஆஸ்கி() போட்டு இரண்டையும் பாருங்கள். "பொன்னை" என்பதில் ஒகரக் குறி ஒரே துண்டாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு துண்டாகவும் இருக்கலாம். திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். லென் கேட்டால் ஒன்று 6, இன்னொன்று 7. அரக்கோணம், போளூர், சோளிங்கர் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸ் செயற்கூறில், பிரிந்த துண்டுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்தைக் கேட்டு, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவதற்கு முன் அதில் போட்டு எடுங்கள். தரவு உள்ளே வரும் இடத்திலேயே செய்துவிடுவது நல்லது.

நார்மலைஸுக்கும் அடங்காதவை இருக்கின்றன. ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போகும் பேருந்துப் பட்டியல் வைத்திருந்தால் இது நிச்சயம் மாட்டும். "ஸ்ரீ" என்பதை ஸ, புள்ளி, ர, ஈகாரம் என்றும் எழுதலாம். 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ஶ என்ற எழுத்தை முதலில் வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். யூனிகோடு இவற்றை வேறு வேறு எழுத்தாகவே வைத்திருக்கிறது, ஆகவே நீங்களே ஒன்றைத் தேர்ந்து ரிப்ளேஸ் செய்ய வேண்டும். ஔகாரத்தின் இறுதிக் குறிக்குப் பதில் ள-வைத் தட்டிய "கெளதம்" வகையும் இப்படித்தான்.

அப்புறம் ஓரத்தில் ஒளிந்திருக்கும் குறிகள். ஸ்ட்ரிப்() பிரியா இடைவெளியை நீக்கிவிடும். ஆனால் ஜீரோ விட்த் ஸ்பேஸ், ஜீரோ விட்த் நான் ஜாய்னர் போன்றவற்றை இடைவெளியாகவே கருதாது; ஸ்ப்ளிட்டும் அங்கே பிரிக்காது. ரெப்ர்() போட்டால் உடனே அகப்படும். எக்செல்லில் யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்த கோப்பில் முதல் நெடுவரிசைத் தலைப்பு மட்டும் பொருந்தவில்லை என்றால், கோப்பின் தொடக்கத்தில் என்கோடிங்கைக் காட்டும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பிஓஎம் குறி இருக்கிறது. திறக்கும்போது என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள்.

கடைசியாக, "வட ஆற்காடு", "வடஆற்காடு", "வட ஆர்க்காடு" என்று மூன்று விதமாக எழுதிய பழைய ஆவணங்கள். இதற்கு ஸ்டிரிங் மெத்தட் எதுவும் கிடையாது. மாற்று வடிவங்களுக்கு ஒரு டிக்ஷனரி போட்டு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அறிகுறி: பெயரை எழுதினால் "எழுத்து அல்ல" என்று படிவம் திருப்பி அனுப்புகிறது

இஸ்ஆல்ஃபா தமிழுக்குச் சரிப்படாது. "பல" என்றால் ட்ரூ, "வேலூர்" என்றால் ஃபால்ஸ். புள்ளி, துணைக்கால், கொம்பு எதையும் அது எழுத்தாக ஒப்புக்கொள்வதில்லை. கொம்பும் புள்ளியும் இல்லாத தமிழ்ப் பெயர் எத்தனை பேருக்கு இருக்கும்? மாறியின் பெயராகச் செல்லுமா என்று பார்க்கும் இஸ்ஐடென்டிஃபையர் ட்ரூ தருகிறதே என்று அதை வைத்து ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. இனிஷியலின் புள்ளியும் நடுவில் வரும் இடைவெளியும் வந்ததும் அதுவும் படுத்துவிடும். கேட்டகரி எல் அல்லது எம்மில் தொடங்குகிறதா என்று குறி குறியாகப் பார்த்து, இடைவெளியையும் முற்றுப்புள்ளியையும் தனியாக அனுமதியுங்கள்.

இதே நோய் ரெகுலர் எக்ஸ்பிரஷனிலும் உண்டு. பைத்தானோடு வரும் ஆர்இ மாட்யூலில், சொல் எழுத்தைக் குறிக்கும் டபிள்யூ குறியீட்டைப் போட்டு "வேலூர்" மேல் ஃபைண்ட்ஆல் செய்தால் வ, ல, ர என்று மூன்று துண்டு வரும். சொல் எண்ணும் நிரல் எல்லாம் இதில் பாழாகும். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களின் முதல் எண்ணிலிருந்து கடைசி எண்வரை சதுர அடைப்புக்குள் வரம்பாகக் கொடுங்கள், சொல் முழுசாக வரும். ரீஜெக்ஸ் என்ற தனி மாட்யூலை நிறுவினாலும் தீரும்.

அறிகுறி: இஸ்டிஜிட் ட்ரூ, ஆனால் இன்ட் பிழை தருகிறது

மேலே சிறிதாக எழுதும் வர்க்க எண் ² இஸ்டிஜிட்டில் தேறிவிடும், இன்ட்டில் தோற்றுவிடும். ௰ என்ற பத்துக்கான குறி இஸ்நியூமரிக்கில் மட்டும் தேறும். இன்ட்டுக்கு முன் கேட்க வேண்டியது இஸ்டெசிமல். தமிழ் இலக்கங்களை இன்ட் தாராளமாக ஏற்கும்: இன்ட்("௨௫") விடை 25. அதனாலேயே இன்னொரு சிக்கல். பின்கோடு பெட்டியில் யாராவது ௬௩௨௦௦௧ என்று எழுதினால் இஸ்டெசிமல் ட்ரூ சொல்லி உள்ளே விட்டுவிடும், அடுத்த கணினி திணறும். 632001 வடிவம்தான் வேண்டும் என்றால், 3.7 முதல் உள்ள இஸ்ஆஸ்கியையும் சேர்த்துக் கேளுங்கள்.

அறிகுறி: அகர வரிசை அகராதியோடு ஒத்துப்போகவில்லை

சார்ட்டட் கொடுத்த வரிசை: ஆம்பூர், ஆரணி, ஆற்காடு, ஆலங்காயம். அகராதி வரிசையில் ஆலங்காயம் முன்னால், ஆற்காடு கடைசி. சார்ட்டட் யூனிகோடு எண்ணைப் பார்க்கிறது. அந்த அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும், ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னாலும் இருக்கின்றன. சோழவரமும் சோளிங்கரும் இதனால்தான் இடம் மாறுகின்றன. பைஐசியூ நூலகத்தில் தமிழுக்கான கொலேட்டரை (வரிசைப்படுத்தும் கருவியை) உருவாக்கி, அதன் சார்ட் கீயை சார்ட்டட்டின் கீயாகக் கொடுங்கள். ஓப்பன்-தமிழிலும் அகராதி முறையில் ஒப்பிடும் செயற்கூறு உண்டு. கையேட்டில் சார்ட் வரும் பக்கத்தில் இந்த நான்கு ஊரையும் உதாரணமாகப் போட்டால் தனியாக விளக்கவே வேண்டாம்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

ரிப்ளேஸ் செய்தும் மாறவில்லை: விடையை ஒரு பெயரில் வாங்கவில்லை. ஸ்டிரிங் மாறாதது, மெத்தட் புதிய ஒன்றைத்தான் கொடுக்கும்.

எல்ஜஸ்ட் (வலப்பக்கம் இடைவெளி நிரப்புவது) போட்டும் நெடுவரிசை கோணலாக நிற்கிறது: அகலம் குறி கணக்கில் நிரப்பப்படுகிறது, அதோடு தமிழ் எழுத்துகளின் அகலமும் ஒன்றுபோல் இருக்காது. இடைவெளியால் நேராக்க முயல வேண்டாம், சிஎஸ்வியாகவோ எச்டிஎம்எல் அட்டவணையாகவோ கொடுத்துவிடுங்கள்.

கவுண்ட்("ல") எதிர்பார்த்ததைவிட அதிகம்: லா, லி, லை, ல் எல்லாவற்றுக்குள்ளும் அந்த ல இருக்கிறது.

அப்பர், லோயர், டைட்டில் ஒன்றும் செய்யவில்லை: தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாதே.

அறிகுறி: கோப்பைத் திறந்ததுமே பிழை, பைட் 8டி என்கிறது

விண்டோஸ் கணினியில் என்கோடிங் சொல்லாமல் ஓப்பன் செய்தால் பைத்தான் பெரும்பாலும் 1252 என்ற பழைய அட்டவணையை எடுத்துக்கொள்ளும். அந்த அட்டவணையில் 8டி என்ற இடம் காலி. தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைட் அதுதான். ஆகவே 'சார்மேப்' என்ற பெயரோடு 8டி பைட்டைப் படிக்க முடியவில்லை என்று செய்தி வந்தால், முதல் மெய்யெழுத்தில் தடுக்கி விழுந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ஓப்பனில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள். பிழை வராமல், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் அடையாளமும் திரும்பத் திரும்ப வந்தால் அதுவும் இதே வியாதிதான். எர்ரர்ஸ் என்பதற்கு இக்னோர் கொடுத்து வாயை அடைக்காதீர்கள். புள்ளிகள் எல்லாம் சத்தமில்லாமல் சிதைந்து, மேலே சொன்ன எல்லாச் சிக்கலும் ஒன்றாக வரும்.

அறிகுறி: டாக்டெஸ்ட் தோற்கிறது, இரண்டு வரியும் ஒரே மாதிரி இருக்கிறது

கையேட்டின் உதாரணங்களை டாக்ஸ்டிரிங்கில் (நிரலுக்குள் எழுதும் விளக்க உரையில்) எழுதி, விடையை ஒப்பிட்டுச் சொல்லும் டாக்டெஸ்ட் மூலம் ஓட்டிப் பார்ப்பதை நான் வலியுறுத்துவேன். ஓட்டிப் பார்க்காத உதாரணத்தை அச்சிடவே கூடாது. ஆனால் "பொன்னை" எதிர்பார்த்தோம், "பொன்னை" கிடைத்தது, ஆகவே தோல்வி என்று அது சொல்லும்போது கோபம் வரத்தான் செய்யும். கையேட்டுக் கோப்பில் ஒரு வடிவம், தரவில் இன்னொரு வடிவம். நிரல் கோப்பையே ஒருமுறை என்எஃப்சிக்கு மாற்றிச் சேமியுங்கள். வடிவ வேறுபாட்டையே விளக்கும் உதாரணம் என்றால் விடையை ஆஸ்கி()-க்குள் போட்டு எழுதுங்கள், அப்போது படிப்பவருக்கும் வேறுபாடு தெரியும். இதற்குப் பிறகும் தோற்றால், எதிர்பார்க்கும் வரியின் கடைசியில் ஒரு காலி இடம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். டாக்டெஸ்ட் அதையும் சேர்த்துத்தான் ஒப்பிடும்.